ஊர் மறவாத பந்தாட்டக் குழுக்கள்

விளையாட்டுச் சங்கம் ஒன்றின் வரலாற்றைக் கூறும் நூல்களில் வென்றவர்களின் பெயர்கள் பெரிய எழுத்தில் இருக்கும். கிண்ணம் யார் கைக்குப் போயிற்று, யார் தோள்களில் தூக்கிச் செல்லப்பட்டார் என்பனவெல்லாம் விரிவாகவே சொல்லப்பட்டிருக்கும். நமக்கோ நெடுநாளாக வேறொரு வழக்கம் உண்டு. நூலின் கடைசிப் பக்கங்களில், கலைந்துபோன குழுக்கள் என்ற தலைப்பின் கீழ்ச் சிறிய எழுத்தில் கிடக்கும் பெயர்களையே முதலில் தேடிப் படிப்போம். ஒரு பெயர், அருகே இரண்டு ஆண்டுகள், அதன்பின் ஒன்றுமில்லை. அந்தப் பெயருக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணம் அப்போது நம் மனத்தில் எழாமற் போவதில்லை.

வீட்டுப் பிள்ளைகள் இதைக் கண்டு நகைப்பதுண்டு. அமெரிக்கப் பந்தாட்டம் நம்மூரில் எவரும் ஆடாத ஆட்டம். அதிலும் மறைந்துபோன குழுக்களின் கதை எதற்கு என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆயினும் இக்கதையில், ஒரு விளையாட்டுக் குழு யாருக்குச் சொந்தம் என்ற வினா அடங்கியிருக்கிறது. பணம் போட்டவருக்கா, சட்டம் வகுத்தவருக்கா, அன்றிக் கூடி நின்று ஆரவாரித்த ஊருக்கா? அதை ஆராயவே இங்கு முற்படுகிறோம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இது றகர் ஆட்டத்தின் வழிவந்தது. முட்டை வடிவான பந்தும், அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவோரும், அவரைப் பிடித்து வீழ்த்துவோரும் றகர் பார்த்துப் பழகியவர்க்குப் புதியவை அல்ல. பக்கத்துக்குப் பதினொருவர், களத்தின் நீளம் 100 யார். பந்தை வைத்திருப்பவர்கள் நான்கு முயற்சிகளுக்குள் 10 யார் முன்னேறவேண்டும். தவறினால் பந்து மறுபக்கத்தாருக்குப் போய்விடும். தூரத்தை அளப்பதற்காகக் களமெங்கும் குறுக்கே வெண்கோடுகள் இடப்படும். அக்கோடுகளோடு நோக்கும்போது இறைச்சி வாட்டும் இரும்புக் கம்பித் தட்டைப் போன்றிருப்பதால் ‘கிரிடயர்ன்’ என்ற பட்டப்பெயரும் அந்த ஆட்டத்துக்கு வாய்த்தது.

மோட்டார்க் கடையில் பிறந்த சங்கம்

1920 செப்டெம்பர் 17 அன்று ஒகையோ மாநிலத்துக் கான்டன் நகரில், ரால்ப் ஹே என்ற மோட்டார் வியாபாரியின் காட்சிக்கூடத்தில் சிலர் கூடினர். நாற்காலிகள் போதாமையால் விற்பனைக்கு நின்ற வண்டிகளின் மிதிபலகைகளிலே அமர்ந்து பேசினர் என்பர். அன்று உருவான சங்கமே 1922 முதல் ‘தேசிய உதைபந்து லீக்’ என்ற பெயரைப் பெற்றது. இன்று 32 குழுக்களைக் கொண்டு, உலகிலேயே பெருஞ்செல்வம் படைத்த விளையாட்டுச் சங்கங்களுள் ஒன்றாக அது விளங்குகிறது. ஆனால் 1920இல் அதில் ஆடிய குழுக்களுள் இன்றுவரை நிலைத்திருப்பவை இரண்டே. அக்ரன், கான்டன், டேட்டன், மன்சி, ஹமன்ட் முதலிய ஊர்களின் குழுக்களெல்லாம் மறைந்தன.

அவற்றுள் நம் உள்ளத்தைக் கவர்ந்தது கொலம்பஸ் நகரத்துப் ‘பான்ஹான்டில்ஸ்’ குழு. அது புகையிரதத் தொழிலாளர்களின் குழு. நெசர் குடும்பத்துச் சகோதரர் அறுவர் அதன் தூண்களாக இருந்தனர். பட்டறையில் வேலை செய்த அவர்கள் மதிய உணவு இடைவேளையிலே பயிற்சி செய்தனர். புகையிரத ஊழியர்களாதலின் பயணச்சீட்டுச் செலவு இல்லை. அதனால் பெரும்பாலும் வெளியூர்களிலேயே சென்று ஆடினர். 1921இல் மூத்தவர்களுள் ஒருவரான தெட் நெசரும் அவர் மகன் சாள்ஸும் ஒரே குழுவில் களம் இறங்கினர். தந்தையும் மகனும் ஒருங்கே ஆடியது அந்த லீக்கின் வரலாற்றில் அந்த ஒரு தடவைதான்.

இக்குழுவை நடத்தியவர் ஜோசப் கார். அவரும் புகையிரதப் பட்டறையில் இயந்திர வேலை பார்த்தவரே. 1921இல் லீக்கின் தலைவரான அவர், 1939இல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். அவர் பெயரை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்வார்களாக. மீண்டும் அவரைச் சந்திப்போம்.

நாய் வியாபாரியின் குழு

ஒகையோவிலே லாரூ என்றொரு சிற்றூர்; ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். அங்கே வால்ரர் லிங்கோ என்பவர் உயர்ந்த சாதி நாய்களை வளர்த்து விற்றுவந்தார். நாய்களுக்கு விளம்பரம் தேடும் பொருட்டு அவர் 1922இல் ஒரு பந்தாட்டக் குழுவை அமைத்தார். அமெரிக்கப் பூர்வகுடி மக்களே அதன் வீரர்கள். குழுவின் பெயர் ‘ஊராங் இந்தியன்ஸ்’. தலைமை தாங்கியவர் 1912ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்ற ஜிம் தோர்ப். ஆட்டத்தின் இடைவேளையில் நாய்கள் வித்தை காட்டின. வீரர்களும் தங்கள் குலத்தின் வழக்கங்களைக் காட்சிப்பொருளாக்கி ஆடிக்காட்ட நேர்ந்தது. இரண்டு பருவங்களிலும் சேர்த்து நான்கே வெற்றிகள். 1923உடன் குழு கலைந்தது.

தோர்ப்பை நினைக்கும்போது நமக்கு வருத்தமே மிகுகிறது. சிறு பணத்துக்குப் பேஸ்போல் ஆடியதைக் காரணமாக்கி அவருடைய ஒலிம்பிக் பதக்கங்களை 1913இல் பறித்தனர். தனி வெற்றியாளர் என்ற பெருமை அவருக்கு முழுமையாகத் திரும்பியது 2022இல். அவர் இறந்ததோ 1953இல். நாய்களுக்கு விளம்பரமாக நின்ற அந்நாட்களில் அவர் என்ன நினைத்திருப்பார் என்பதை எந்த நூலிலும் நாம் கண்டதில்லை.

புரொவிடன்ஸ் நகரத்து ‘ஸ்டீம் ரோலர்’ குழுவின் கதை சற்றே இன்பமானது. அது ஆடிய அரங்கு சைக்கிள் பந்தயத்துக்காகக் கட்டப்பட்டது. பந்தய வளையம் ஆடுகளத்தை இறுகச் சூழ்ந்திருந்தமையால், பிடிபட்டு வீழ்ந்த வீரர்கள் உருண்டு சென்று பார்வையாளர் வரிசையிலே விழுவதுண்டாம். களத்தின் ஒரு முனையில் 10 யார் இருக்கவேண்டிய எல்லைப் பகுதி 5 யாராகச் சுருங்கிற்று. இத்தகைய இடத்தில் ஆடி, 1928இல் அக்குழு லீக்கின் பட்டத்தை வென்றது. இன்று லீக்கில் இல்லாத ஒரு குழு பட்டம் வென்றது அதுவே கடைசி முறை. 1931உடன் அதுவும் ஓய்ந்தது. அரங்கு இடிக்கப்பட்டு, 1937இல் அவ்விடம் மோட்டாரில் இருந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளிக் கொட்டகையாயிற்று.

சுரங்க ஊரின் வழக்கு

நிற்க. மறைந்த குழுக்களுள் மறக்கப்படாமல் நிற்பது பென்சில்வேனியாவின் நிலக்கரி ஊரான பொட்ஸ்வில்லின் ‘மறூன்ஸ்’. 1925இல் லீக்கில் சேர்ந்த அது அவ்வாண்டே பெரிய நகரத்தாரை வீழ்த்தி எழுந்தது. டிசெம்பர் 6 அன்று சிக்காகோவில், சிக்காகோ கார்டினல்ஸ் குழுவை 21–7 என்ற கணக்கில் வென்றது. இறுதியாட்டம் என்ற ஏற்பாடு அக்காலத்தில் இல்லை. வெற்றி வீதத்தைக் கொண்டே பட்டம் தீர்மானிக்கப்படும். ஆதலின் பட்டம் தங்களுடையதே என்று சுரங்கத் தொழிலாளர்கள் மகிழ்ந்தனர்.

ஆறு நாள் கழித்து அக்குழு பிலடெல்பியாவுக்குச் சென்று, புகழ்பெற்ற நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் பழைய வீரர்களோடு ஒரு சிறப்பாட்டம் ஆடி 9–7 என வென்றது. அங்கேதான் வினை விளைந்தது. பிலடெல்பியா, ‘பிராங்போர்ட் யெலோ ஜக்கெட்ஸ்’ என்ற வேறொரு லீக் குழுவுக்கு உரிய எல்லை. அன்று அக்குழுவும் அந்நகரில் ஆடியது. பிறர் எல்லையில் ஆடலாகாது என்று லீக் தலைவர் எச்சரித்திருந்தார். தொலைபேசியில் அனுமதி கிடைத்தது என்பது பொட்ஸ்வில்லின் வாதம். தலைவர் அவ்வாதத்தை ஏற்கவில்லை, குழுவை இடைநிறுத்தினார், பட்டத்துக்கான உரிமையும் போயிற்று. அத்தலைவர் வேறு யாருமல்லர், புகையிரதத் தொழிலாளர்களின் குழுவை நடத்திய அதே ஜோசப் கார்!

இதற்கிடையே கார்டினல்ஸ் தன் வெற்றி வீதத்தை உயர்த்தும் பொருட்டு அவசரமாக இரண்டு ஆட்டங்களை ஏற்பாடு செய்து இரண்டிலும் வென்றது. அவற்றுள் ஒன்றில் எதிரணியான மில்வோக்கி, ஆள் போதாமல் பாடசாலை மாணவர் நால்வரைச் சேர்த்துக்கொண்டு ஆடியமை பின்னர் வெளியாயிற்று. பட்டத்தை ஏற்கக் கார்டினல்ஸ் உரிமையாளர் கிறிஸ் ஓப்ரையன் அப்போது மறுத்துவிட்டார். ஆயினும் இன்று லீக்கின் ஏடுகளில் 1925ஆம் ஆண்டுப் பட்டம் கார்டினல்ஸ் பெயரிலேயே இருக்கிறது.

நம் கருத்தை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். எல்லை விதி வேண்டியதே. அவரவர் ஊரின் வருவாய்க்குக் காவல் இல்லாவிடில் லீக் சிதறியிருக்கும். விதி மீறியவர்க்குத் தண்டம் விதித்ததும் முறையே. ஆனால் டிசெம்பர் 6 அன்று களத்திலே பெற்ற வெற்றிக்கும், பின்னர் வேறிடத்தில் செய்த பிழைக்கும் என்ன தொடர்பு? வயலில் விளைந்த நெல்லை, வழியில் வரம்பு மிதித்த குற்றத்துக்காகப் பறிப்பது நியாயமாகுமா? பொட்ஸ்வில் மக்கள் இதையே கேட்டனர். 1963இல் உரிமையாளர்கள் 12–2 என்றும், 2003இல் 30–2 என்றும் வாக்களித்து வழக்கை மீண்டும் தொடுவதில்லை என்றனர். இரண்டாம் முறை ஆதரவாக நின்றவை பென்சில்வேனியாவின் இரு குழுக்களே.

மறூன்ஸ் 1926இல் மீண்டும் லீக்கில் சேர்க்கப்பட்டது. ஆனால் 1929இல் பொஸ்ரன் நகருக்குப் பெயர்ந்து அவ்வாண்டோடு கலைந்தது. பெருநகரங்களே லீக்கை வாழவைக்கும் என்று ஜோசப் கார் நம்பினார், நடந்ததும் அதுவே. 1926இல் 22ஆக இருந்த குழுக்கள், பொருளாதார மந்தம் சூழ்ந்த 1932இல் எட்டாயின. அவர் வளர்த்த கொலம்பஸ் குழுவும் பெயர் மாறி 1926உடன் முடிந்தது. தாம் பிறந்து வளர்ந்த வீட்டின் கதவைத் தாமே சாத்தவேண்டிய நிலை அவருக்கு வந்தது. அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை.

பணத்தால் எழுந்து பணத்தால் வீழ்ந்தவை

பிற்காலத்தில் கலைந்த குழுக்களின் கதை வேறு வகையானது. தேசிய லீக்கோடு போட்டியிடப் பெரும் பணக்காரர்கள் புதிய லீக்குகளைத் தொடங்கினர். 1974இல் ‘உலக உதைபந்து லீக்’ எழுந்தது. பிலடெல்பியாக் குழுவின் முதல் இரண்டு ஆட்டங்களுக்கு 120,000 பேர் வந்தனர் என்றனர். பணம் கொடுத்து வந்தவர் 20,000 அளவினரே, ஏனையவை இலவசச் சீட்டுகள் என்பது பின்னர் வெளிப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பரில் பேர்மிங்ஹாம் குழு ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்றது. கடனுக்காக அதிகாரிகள் வந்து வென்ற வீரர்களின் சீருடைகளையே பறிமுதல் செய்தனர். அவ்வீரர்களுக்கோ வாரக்கணக்கில் சம்பளம் கிடைத்திருக்கவில்லை. 1975 ஒக்ரோபரில், பருவத்தின் நடுவிலேயே அந்த லீக் மூடப்பட்டது.

1983இல் ‘ஐக்கிய அமெரிக்க உதைபந்து லீக்’ வசந்தகாலத்தில் ஆடத் தொடங்கியது. தேசிய லீக் ஆடாத காலம் அது. எனவே நல்ல வரவேற்பும் இருந்தது. ஆனால் பின்னாளில் நாட்டின் ஜனாதிபதியான டொனால்ட் டிரம்ப் உள்ளிட்ட உரிமையாளர்கள், நேருக்கு நேர் மோதவேண்டும் என்று இலையுதிர் காலத்துக்கு மாற முனைந்தனர். தேசிய லீக்மீது வழக்கும் தொடுத்தனர். 1986இல் ஜூரிமார், தேசிய லீக் ஏகபோகம் நடத்தியது உண்மை என்று கண்டனர். நட்டஈடாக விதித்ததோ ஒரு டொலர்! சட்டப்படி அது மும்மடங்காகி மூன்று டொலராயிற்று. அதன்பின் அந்த லீக் ஆடவேயில்லை.

அதன் முதற் பட்டத்தை வென்ற மிச்சிகன் பாந்தர்ஸ் ஆடிய இடம், பொன்ரியாக் நகரத்துச் ‘சில்வர்டோம்’. 1975இல் 55 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட செலவில் எழுந்த அவ்வரங்கில் 80,000 பேர் அமரலாம். காற்றழுத்தத்தால் தாங்கப்பட்ட துணிக்கூரை அதற்கு. குழுக்கள் ஒவ்வொன்றாக நீங்கியபின், 2009இல் அது 583,000 டொலருக்கு ஏலம் போயிற்று. 2017 டிசெம்பர் 3 அன்று வெடிவைத்துத் தகர்க்க முயன்றனர். வெடிகள் முழங்கின, புகை அடங்கியபின் பார்த்தால் கட்டடம் அப்படியே நின்றது! மறுநாள் மீண்டும் வெடிவைத்த பின்னரே வீழ்ந்தது. இன்று அங்கே சரக்குக் களஞ்சியம் ஒன்று நிற்கிறது.

ஊர் கூடி இழுத்த தேர்

சிற்றூர்க் குழுக்களெல்லாம் அழிந்தனவா என்றால், ஒன்று மட்டும் தப்பியது. விஸ்கொன்சின் மாநிலத்துக் கிறீன் பே, ஏறக்குறைய ஒரு லட்சம் மக்கள் வாழும் நகரம். 1921இல் லீக்கில் சேர்ந்த அதன் ‘பாக்கர்ஸ்’ குழு பலமுறை பணமுடையால் தத்தளித்தது. 1923இல் ஊர்மக்கள் பங்கு வாங்கிக் குழுவைத் தமதாக்கினர். அப்பங்குகளுக்கு இலாபம் கிடையாது. விற்றுப் பணம் சேர்க்கவும் இயலாது. ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல, தொல்லை வந்தபோதெல்லாம் மீண்டும் மீண்டும் கைகொடுத்தனர். இன்று ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட பங்குதாரர்கள் அதற்கு உண்டு. அந்தக் குழுவை ஒரு முதலாளி வேற்றூருக்குக் கொண்டுபோக முடியாது. ஏனெனில் அதற்கு முதலாளியே இல்லை.

பொட்ஸ்வில்லிலும் ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே குழு ஒரு தனிமனிதரின் உடைமை. அவர் கைவிட்டபோது ஊருக்கு எஞ்சியது நினைவு மட்டுமே. 1925இன் பட்டத்தைத் தாங்கிய கார்டினல்ஸ் 1960இல் சிக்காகோவை விட்டுச் சென் லூயிசுக்கும், 1988இல் அரிசோனாவுக்கும் பெயர்ந்தது. பட்டம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டது. அதை இழந்த ஊர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மறூன்ஸ் குழுவில் உயிரோடு எஞ்சியிருந்த வீரர்கள், லீக் தராத கிண்ணத்துக்காகக் காத்திராமல் தாங்களே ஒன்றைச் செய்வித்தனர். பொன்னாலன்று, வெள்ளியாலன்று, தங்கள் மண்ணிலிருந்து வெட்டியெடுத்த கரிய நிலக்கரியில் ஒரு பந்தைச் செதுக்கி, 1925இன் வீரர்கள் தாமே என்று அதில் பொறித்தனர். கான்டன் நகரில் 1963இல் திறக்கப்பட்ட உதைபந்துப் புகழ்க்கூடம் அதைப் பெற்றுக்கொண்டது. பட்டத்தைத் தர மறுத்த லீக்கின் பெருமைகளைக் காக்கும் கூடத்திலேயே அந்தக் கரிப்பந்தும் இடம்பெற்றது.