துப்பாக்கி யாருடைய பிறப்புரிமை?

கூடலூரிலிருந்து வயநாடு வழியாகப் பேருந்து பிடித்தால் சில மணி நேரத்தில் குடகு போய்விடலாம். அங்கே கொடவர் ஒருவர் வீட்டில் துப்பாக்கி வைத்திருக்க மற்றவர்களைப் போல உரிமம் வாங்க வேண்டியதில்லை. கொடவர் இனத்தில் பிறந்திருக்க வேண்டும், அல்லது ஜம்மா நிலம் வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான், ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு கிடைத்துவிடும். இந்தப் பக்கம் நீலகிரியில், யானையும் சிறுத்தையும் நடமாடும் பாதையில் தேயிலை பறிக்கப் போகிற பெண்ணின் கையில் இருப்பது ஒரு குச்சி.

எங்கள் படிப்பு வட்டத்தில் கல்லூரி மாணவர்கள் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். இந்தப் பழைய உரிமை இந்தக் காலத்துக்குப் பொருந்துமா? அவர்களுக்கு உண்டென்றால் நமக்கு ஏன் இல்லை? இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் இந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேய அரசு மக்களின் ஆயுதங்களைப் பறித்தது. தனக்கு விசுவாசமானவர்கள் என்று கருதியவர்களுக்கு மட்டும் விலக்கு தந்தது. குடகர்களுக்கு அது 1861இல் கிடைத்தது. பின்னர் வந்த 1878 ஆயுதச் சட்டத்தில் இந்தியருக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. எங்கள் மலையில் அதற்குச் சாட்சி தேடி அலைய வேண்டாம். 1877இல் வெள்ளைக்காரர்கள் நீலகிரி வேட்டைச் சங்கம் தொடங்கினார்கள். 1879இல் அவர்கள் வேட்டைக்கான விலங்குகளைக் காக்கத் தனிச் சட்டமே வந்தது. துரை சுட்டால் அது விளையாட்டு. வயிற்றுக்காக வேட்டையாடிய பழங்குடி மனிதருக்குத் திருடன் என்று பெயர்.

பட்டாளத்திலும் இதே கதைதான். 1818இல் பீமா கோரேகானில் கம்பெனிக்காகப் போரிட்டவர்களில் மகார்கள் கணிசமாக இருந்தார்கள். அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். ஆனால் 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' என்ற கோட்பாடு வந்ததும் 1890களில் மகார்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தினார்கள். மகார் ரெஜிமெண்ட் உருவாக 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. துப்பாக்கி யார் கையில் இருக்கலாம் என்பதை வீரமோ தேவையோ முடிவு செய்யவில்லை. நிறமும் சாதியும் முடிவு செய்தன.

நம் அரசியலமைப்பில் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை கிடையாது. பிரிவு 19 ஆயுதம் என்ற சொல்லைச் சொல்வதே, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத் தருவதற்காகத்தான். அமெரிக்காவில் 1791இல் வந்த இரண்டாவது திருத்தம் அந்த உரிமையைத் தருகிறது. அங்கேயும் அது எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததா? 1967இல் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் கலிஃபோர்னியாவில் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தி நடந்தபோது, குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு பொது இடத்தில் நடமாடத் தடைவிதித்து உடனே சட்டம் போட்டார்கள்.

குடகு விலக்கை ஒன்றிய அரசு 2019இல் மேலும் பத்தாண்டுகளுக்கு, 2029 வரை, நீட்டித்தது. இன அடிப்படையில் இப்படி ஒரு சலுகையா என்று கேட்ட வழக்கை 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இது அவர்களின் மரபு, பண்பாடு என்கிறார்கள். கொடவர்கள்மீது நமக்குப் பகை இல்லை. அவர்கள் எண்ணிக்கையில் சிறிய சமூகம், அவர்களுடைய திருவிழாவை யாரும் தடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அதே மண்ணில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையடிமைகளாக உழைத்த எரவர்கள், பிறப்பையும் நிலத்தையும் பார்க்கும் இந்த விலக்குக்குள் நுழைய வழியே இல்லை. நம் எதிர்ப்பு அந்த இடத்தில்தான் நிற்கிறது.

இங்கே தோழர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். 'பழையது, அதனால் மாற்று' என்று வாதாடாதீர்கள். அந்த வாதம் நம்மை நோக்கியும் வரும். இடஒதுக்கீடு பழசாகிவிட்டது என்று தினமும் கேட்கிறோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தவறாகப் பயன்படுகிறது என்று சொல்லி 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நீர்த்துப்போகச் செய்தது. ஏப்ரல் 2இல் நம் மக்கள் வீதிக்கு வந்தார்கள். குவாலியரில் ஒருவன் துப்பாக்கியை நீட்டிச் சுடும் காட்சியை நாடே பார்த்தது. உயிர்கள் போயின. அதன் பிறகுதான் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி மீட்டது.

ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையைக் கட்டிப்போட முடியாது என்ற ஜெஃபர்சனின் கருத்தை அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எடுத்துச் சொன்னார். மாற்றத்துக்கு அவர் கதவைத் திறந்தே வைத்தார். எதை மாற்றுவது என்பதற்கு நம் அளவுகோல் இதுதான்: இந்த உரிமை பிறப்பின் பெருமைக்காகத் தரப்பட்டதா, இழைக்கப்பட்ட கொடுமைக்கு எதிராகத் தரப்பட்டதா? முதலாவது எவ்வளவு புதிதாக இருந்தாலும் போக வேண்டும். இரண்டாவது, கொடுமை இருக்கும்வரை இருக்க வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. நமக்குத் துப்பாக்கி வேண்டுமா? சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இல், விதி 3ஐப் படியுங்கள். வன்கொடுமை நடக்கலாம் என்று அடையாளம் காணப்பட்ட பகுதியில், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதோரின் துப்பாக்கி உரிமங்களை அரசு ரத்து செய்யலாம். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்கலாம்.

இளைஞர்களின் கண் அந்தக் கடைசி வரியில் நிற்கிறது. கோபம் நியாயமானது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தாக்க வந்தவர்களிடம் துப்பாக்கி இருந்தது. கூலி உயர்வு கேட்ட நம் மக்கள் 44 பேர் குடிசைக்குள் எரிந்துபோனார்கள். ஆனால் 1999 ஜூலை 23ஐயும் நினைத்துப் பாருங்கள். நம்மைப் போலத் தேயிலை பறித்த மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்கள் வெறுங்கையோடு போனார்கள். போலீஸ் தடியடியில் தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. வெறுங்கைக்கே அந்தக் கதி என்றால், நம் கையில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் அதையே காரணமாகக் காட்டி எத்தனை பேரைச் சுட்டிருப்பார்கள்? லைன் வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தால் கிடைக்கும் பாதுகாப்பைவிட, பொய் வழக்கு போடக் கிடைக்கும் சாக்கு பெரிது.

அதனால் நாங்கள் விதி 3இன் முந்தைய வரிகளைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறோம். நமக்குத் துப்பாக்கி கேட்பதற்கு முன், நம்மை மிரட்டுகிறவனின் துப்பாக்கியை வாங்கி வை என்று அரசைக் கேட்போம். உங்கள் மாவட்டத்தில் எந்தெந்த ஊர்கள் வன்கொடுமைப் பகுதி என்று அடையாளம் காணப்பட்டிருக்கின்றன? அங்கே எத்தனை துப்பாக்கி உரிமங்கள் நடப்பில் இருக்கின்றன? விதி 3இன்படி எத்தனை ரத்து செய்யப்பட்டன? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு இந்த மூன்று கேள்விகளையும் அனுப்புங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதை மாவட்ட விழிப்புணர்வுக் கண்காணிப்புக் குழுக் கூட்டத்தில் எழுப்புங்கள்.

2029இல் குடகு விலக்கு மறுபடியும் மேசைக்கு வரும். அப்போது மரபைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருப்பார்கள். எரவர் வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேச யாராவது இருக்க வேண்டும். அது நாமாக இருப்போம்.