படலை திறக்கும் அதிகாரம்

யாழ்ப்பாணத்து வீட்டின் படலை வெறும் மரச்சட்டமன்று. அஃது ஓர் எல்லை. அயலவரும் உறவினரும் கூட அதன்முன் நின்று குரல் கொடுத்த பின்னரே உள்ளே வருவர். அவ்வெல்லையைச் சட்டத்தின் துணைகொண்டு கடக்கவல்லார் சிலரே. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அவருள் ஒருவர். நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும்பொருட்டு இயற்றப்பட்ட 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், வளவினுள் நுழைந்து சிரட்டையையும் பூச்சாடியையும் நீர்த்தொட்டியையும் பார்வையிட இடமளிக்கின்றது. குடம்பி காணப்படின் வீட்டுக்காரர் நீதிமன்றம் செல்லவேண்டியதுதான். இவ்வதிகாரத்தை எவரும் பெரிதாக வெறுப்பதில்லை. டெங்குக் காய்ச்சலால் பிள்ளையை இழந்த வீடுகள் உள்ள ஊரில் வெறுக்கவும் முடியாது. ஆயின், ஏழையின் சிரட்டைக்குள் எட்டிப்பார்க்கும் சட்டம் மின்னிலையத்தின் மதிலுக்குள் எவ்வளவு தூரம் எட்டிப்பார்த்தது என்னும் வினாவைச் சுன்னாகம் எழுப்பிற்று.

தன் நிலத்தில் தான் செய்வதை அரசு ஏன் பார்க்கவேண்டும் என்று கேட்போர் எங்கும் உளர். அமெரிக்காவின் கனெக்ரிகட் மாநிலக் கடலோரத்தில் இருந்த துப்பாக்கி சுடும் பயிற்சிக்களம் ஒன்றின் வரலாறு இதற்கு நல்ல விடை. ஏறத்தாழ 70 ஆண்டுகள் அங்கு விளையாட்டாகச் சுட்டவர்கள் கரையிலும் கடலிலும் சேர்த்துவிட்ட ஈயக்குண்டுகளின் நிறை 2,400 தொன் அளவினது. களம் மூடப்பட்டபின் தொடுக்கப்பட்ட வழக்கில், அவ்வீயம் கழிவுப்பொருளே என 1993இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. நீர்மாசுச் சட்டத்தின்கீழ் எழுந்த முறையீடோ, செயல் ஏற்கெனவே நின்றுவிட்டமையால் தள்ளுபடியாயிற்று. சுடுபவனின் கண் இலக்கோடு நின்றுவிடுகிறது. குண்டு போய்ச் சேரும் இடத்தைப் பார்ப்பதற்கு வேறொரு கண் வேண்டும்; அதுவும் காலத்தோடு பார்க்கவேண்டும்.

சுன்னாகத்தில் இக்கண்ணின் தேவை பன்மடங்கு. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை ஆறென்று சொல்வது ஊர்ப்பெருமையன்றி வேறன்று. பெய்யும் மழை மெல்லிய செம்பாட்டு மண்ணூடே இறங்கி, மயோசீன் காலச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகின்றது. கீழே உவர்நீர், அதன்மேல் மிதக்கும் ஒரு வில்லையாக நன்னீர். குடிப்பதும் குளிப்பதும் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் இறைப்பதும் அதிலேதான். மணற்பாங்கான நிலத்தில் நீர் ஓரளவு வடிகட்டப்பட்டுச் செல்லும். சுண்ணக்கல்லின் வழிகளிலோ அது குழாயில் ஓடுவதுபோல் ஓடும். ஆகையால் இங்கு ஒருவர் வளவில் சிந்துவது மற்றொருவர் வாளியில் வரும். கிணற்றுக்கு மதில் உண்டு, கிணற்றுநீருக்கு இல்லை.

குமாரசுவாமிப் புலவர் பிறந்த ஊராகவும் பெருஞ்சந்தை கூடும் ஊராகவும் அறியப்பட்ட சுன்னாகத்தில், எண்ணெய் எரித்து மின் பிறப்பிக்கும் நிலையம் பல பதிற்றாண்டுகள் இயங்கியது. தெற்கிலிருந்து வந்த மின்வழி போரினால் அறுந்தபின் குடாநாட்டின் விளக்குகள் பெரிதும் இங்கிருந்தே எரிந்தன என்பதையும் மறத்தல் நன்றன்று. பின்னர் நோர்தேர்ன் பவர் என்னும் தனியார் நிறுவனம் அங்கு மின்னுற்பத்தி செய்து மின்சார சபைக்கு விற்றது. கிணற்றுநீரில் எண்ணெய் மணப்பதை முதலில் கண்டறிந்தவர் எந்த அதிகாரியும் அல்லர். நாள்தோறும் தண்ணீர் அள்ளிய பெண்களே. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014ஆம் ஆண்டுகளில் அயலிலுள்ள 150 கிணறுகளைச் சோதித்தபோது 109இல் எண்ணெய்ப்பசை நியமத்தின் எல்லையை மீறியிருந்தது. ஒழுங்கைகளின் முகப்பில் நீர்த்தாங்கிகள் வைக்கப்பட்டன. பவுசர் வரும் நேரத்தை நோக்கிக் குடங்கள் காத்திருந்தன. கிணற்றுநீரின் சுவையைக் கொண்டே ஊரின் தரத்தை மதித்த மக்களுக்கு இதனினும் பெரிய தாழ்வு வேறில்லை.

சட்டம் இல்லாமற் போகவில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் மத்திய சுற்றாடல் அதிகாரசபையைத் தோற்றுவித்தது. 1988ஆம் ஆண்டுத் திருத்தம் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இன்றிக் கழிவை வெளியேற்றுவதைத் தடுத்தது. 2008 சனவரியில் வெளிவந்த வர்த்தமானி தொழில்களை மூன்று வகுப்பாக்கியது. மாசு மிகுந்தவை முதல் வகுப்பில் அடங்கின. அவற்றின் அனுமதி ஓராண்டுக்கே செல்லும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஏற்பாடு வெறும் கட்டணத்துக்காக அன்று. ஆண்டுக்கொரு முறையேனும் ஓர் அதிகாரி வாயிலைத் தாண்டிச் சென்று கழிவு எங்கே போகிறதென்று பார்க்கவேண்டும் என்பதற்காகவே. நிபந்தனை மீறப்படின் அனுமதியை இடைநிறுத்தவும் நீக்கவும் இயலும். கூரிய கத்திதான், உறையிலிருந்து எடுப்பதற்கே கை வேண்டியிருந்தது.

இதற்கிடையில் நிபுணர்களும் ஒருமுகப்படவில்லை. மாகாண சபை அமைத்த குழு கூறியதும் நீர் வழங்கல் சபையின் ஆய்வு கூறியதும் பொருந்தவில்லை. குடிக்கலாமா, கூடாதா என்ற எளிய வினாவுக்கு ஒரு தாய்க்கு ஒரே விடை கிடைக்காமற் போனதே இவ்விவகாரத்தின் மிகக் கொடிய பகுதி எனலாம். ஆய்வாளர் வாதிடலாம், பிள்ளை தாகமென்று அழும்போது வாதிட இயலாது. மல்லாகம் நீதவான் நீதிமன்றம் 2015இன் தொடக்கத்தில் மின்னுற்பத்தியை நிறுத்துமாறு கட்டளையிட்டது.

அவ்வாண்டிலேயே சுற்றாடல் அமைப்பொன்றின் தலைவரான ரவீந்திர காரியவசம் உயர் நீதிமன்றில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். தென்னிலங்கையர் ஒருவர் வலிகாமத்துக் கிணறுகளுக்காக வழக்காடினார் என்பது தனியே நினைக்கத்தக்கது. 2019 ஏப்பிரில் 4ஆம் நாள் நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய தீர்ப்பு வெளிவந்தது. சட்டத்தின்முன் சமத்துவத்தைக் கூறும் அரசியலமைப்பின் 12(1) உறுப்புரை மீறப்பட்டதென அது கண்டது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்கவேண்டும் என்னும் கோட்பாட்டைக் கைக்கொண்டது.

சமத்துவத்துக்கும் எண்ணெய்க்கும் என்ன தொடர்பு என்று வியப்போர் ஒன்றை எண்ணவேண்டும். அதிகாரி “பார்க்கலாம்” என்று சட்டம் சொல்லுமிடத்து, பார்க்காமலும் விடலாம் என்று பொருள்கொள்ளும் வழக்கம் நெடுநாளையது. ஆனால் எப்பாவலைப் பொசுபேற்று வழக்கில், 2000ஆம் ஆண்டிலேயே, இயற்கை வளங்களை அரசு மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கின்றது என்று அதே நீதிமன்றம் விளக்கியிருந்தது. பொறுப்பாளனுக்குத் தூங்கும் உரிமை இல்லை. அவன் கையிலுள்ள அதிகாரம் பிறருடைய சொத்து. அதனைச் செலுத்தாது விடுவதும் அச்சொத்துக்கு இழைக்கும் தீங்கே. சிரட்டை வைத்திருப்பவள்மீது முழுமையாகவும் கொதிகலன் வைத்திருப்பவர்மீது அரைகுறையாகவும் செல்லும் சட்டத்தைச் சமத்துவம் என்று எவ்வாறு அழைப்பது?

நிறுவனம் 20 மில்லியன் ரூபாய் இழப்பீடு செலுத்தவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. ஒரு கிணற்றைத் துப்புரவாக்க 40,000 ரூபாய் வரை என்பது கணக்கு. அத்தொகையைக் கொண்டு நீரை இறைத்துத் தள்ளலாம், சேற்றை வாரலாம், கட்டைக் கழுவலாம். சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கிக் கழுவுவதற்கு எந்தத் தொகையும் எந்த அதிகாரியும் போதா. அடுத்த மாரியில் ஊறி வரும் நீரை முகர்ந்து பார்க்கும் வேலை மீண்டும் வாளி பிடித்த கைகளுக்கே விடப்பட்டது.