பார்ப்போர்க்கும் அறம் உண்டு

விளையாட்டு உடலுக்கு உரமும் உள்ளத்திற்கு ஒழுக்கமும் தரும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயின், அப்பயன் பெரும்பாலும் ஆடுவோரைச் சார்ந்தது. துடுப்பாட்டக் களத்தில் ஓர் அணிக்கு 11 பேர் ஆட, எல்லைக்கோட்டிற்கு அப்பால் நின்று ஆர்ப்பரிப்போர் பல நூற்றுவர். ஆடுவோர்க்கு விதி உண்டு. விதியைக் காக்க நடுவர் உண்டு. பார்ப்போர்க்கோ இவ்விரண்டும் இல்லை. நாடுகளுக்கிடையே நிகழும் போட்டிகளில் இக்குறை பெரிதும் புலனாகின்றது. செயலைச் செய்தவனோடு அதனைக் கண்டு மகிழ்ந்தவனுக்கும் வினையிற் பங்குண்டு என்பர் நம் பெரியோர். அதனை விளையாட்டரங்கிற்கும் பொருத்திப் பார்த்தல் தகும் என்று யாம் கருதுகின்றோம்.

பின்தங்கியவனை இகழாமை பார்ப்போர்க்குரிய முதல் அறம். 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் விழாவில் இலங்கை வீரர் கருணானந்த 10,000 மீற்றர் ஓட்டத்திற் கலந்துகொண்டார். ஏனையோர் ஓடி முடித்த பின்னரும் அவர்க்குச் சுற்றுக்கள் எஞ்சியிருந்தன. அவர் விலகாது தனியொருவராய் ஓடினார். முதலில் நகைத்தோரும் உளர். முடிவிலோ அரங்கம் முழுவதும் கைதட்டி அவரை வாழ்த்தியது. அவர் கதை யப்பானியப் பள்ளிப் பாடநூலிலும் இடம்பெற்றது. அன்று உயர்ந்தவர் ஓடியவர் மட்டுமல்லர். நகைப்பை விடுத்து வாழ்த்தியோரும் உயர்ந்தனர்.

தம்மவர் செய்த தவற்றைத் தவறென்று கூறுதல் இரண்டாவது அறம். 1981 பெப்ரவரி 1ஆம் நாள் மெல்பேண் நகரில், கடைசிப் பந்தில் 6 ஓட்டம் பெற்றாற் சமநிலை எய்தலாம் என்ற நிலையில் நியூசிலாந்து அணி இருந்தது. அவுஸ்திரேலிய அணித்தலைவர் கிரெக் சப்பல், தம் இளவல் திரெவரைக் கொண்டு பந்தை நிலத்தில் உருட்டிவிடச் செய்தார். அன்றைய விதி அதனைத் தடுக்கவில்லை, அவுஸ்திரேலியா வென்றது. எனினும், அரங்கிலிருந்த அந்நாட்டு மக்களே இகழ்ந்தொலித்தனர். அந்நாட்டுப் பிரதமரும் அச்செயலைக் கண்டித்தார். விதி மௌனமாயிருந்த இடத்தில் மக்கள் நடுவராயினர். இத்தகைய நடுவுநிலைமை நம்மிடமும் உண்டோ என வினவுதல் நன்று.

பதக்கத்தை நாட்டின் பெருமைக்குச் சான்றாகக் கொள்ளாமை மூன்றாவது. இதனை யாம் வருத்தத்துடனேயே எழுதுகின்றோம். 1958ஆம் ஆண்டு டோக்கியோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவர் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டி, அவ்விழாவில் இலங்கைக்கு முதற் பொற்பதக்கத்தை ஈட்டித் தந்தார். அவ்விழா மே 24 முதல் யூன் 1 வரை நடந்தது. அந்நாட்களிலேதான் இந்நாட்டில் தமிழர் தாக்கப்பட்டனர். மே 27ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. கொழும்பிலிருந்த அகதிகள் கப்பலேறி வடக்கே வந்தனர். ஒரு தமிழ் மகன் நாட்டின் கொடியை உயர்த்திய வேளையில், அந்நாடு அவன் இனத்தாரைக் காக்கத் தவறியது. வீரனின் பெருமை வீரனுக்குரியது. நாட்டின் பெருமையை நாடு தன் நடத்தையால் ஈட்டல் வேண்டும்.

வெற்றியை விரும்பலாகாது என்பதன்று எம் கருத்து. நம்மவர் வெல்லும்போது எம் நெஞ்சும் துள்ளவே செய்கின்றது. அத்துள்ளல் கண்ணை மறைத்தலாகாது என்பதே எம் வேண்டுகோள்.

நம் கல்லூரி வீரர்க்குக் கிண்ணமும் கேடயமும் வழங்குகின்றது, அது முறையே. எதிரணியின் நல்லாட்டத்திற்கு முதலிற் கைதட்டும் மாணவனையும் ஆசிரியர் ஒரு சொல்லாற் பாராட்டுவாராக. களத்தில் இறங்குவோர் சிலரே. பார்த்துப் பழகி நாளை நாட்டை நடத்துவோர் பலர். அப்பலர்க்கும் அறம் பயிற்றுங் களமாக நம் கல்லூரி மைதானம் விளங்குவதாக.