கடிதத்தோடு இருந்த இரண்டு ரூபாய்

திருச்சுழியில் 1879இல் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, வீட்டைவிட்டுக் கிளம்பியது 1896 ஆகஸ்ட் 29 அன்று. வயது பதினாறு. தந்தை இறந்தபின் மதுரையில் சித்தப்பா வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தான். ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதச் சொல்லித் தண்டனை. இரண்டு தடவை எழுதியவன் தாளைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். இப்படி இருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று அண்ணன் கடிந்துகொண்டார். அக்கறையில் வந்த பேச்சுதான். ஆனால் சில வாரங்களுக்கு முன் திடீரென்று வந்த மரணபயத்தில், சாவது எது, 'நான்' என்பது எது என்று அந்தப் பையன் தனியாகத் துழாவியிருந்தான். அண்ணன் கேட்டது கேள்வி மாதிரி இருந்த தீர்ப்பு. அதற்குப் பதில் சொல்ல முடியாது. எழுதி வைத்துவிட்டுப் போகத்தான் முடிந்தது.

அந்தக் கடிதம் 'நான்' என்று தொடங்கி, அடுத்த வாக்கியத்திலேயே 'இது' என்று மாறுகிறது. 'இப்படிக்கு' என்பதன் பக்கத்தில் பெயர் இல்லை, கோடு மட்டும். தன் பெயரையே விட்டுவிட்ட பையன், அண்ணனின் கல்லூரிச் சம்பளத்தை மறக்கவில்லை: கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாய் இத்தோடு இருக்கிறது என்று கணக்குச் சொல்லியிருக்கிறான். தன்னைத் தேடுகிற பிள்ளை குடும்பத்தை உதறிவிடும் என்ற நம் பயத்துக்கு அந்த இரண்டு ரூபாய் போதுமான மறுப்பு.

அவர் மகான், நம் வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். அன்று அந்த வீட்டார் கண்ணில் பட்டவன் பாடம் எழுதாத பையன் மட்டுமே. கரிசல் காட்டிலும் தறியிலும் பொழுது போய்விடுகிறது, பிள்ளையோடு உட்கார்ந்து பேச நேரமேது என்பது இன்னும் நியாயமான கேள்வி. ஆனால் பேசாமல் விட்ட இடம் சும்மா கிடப்பதில்லை. அருப்புக்கோட்டைப் பக்கம் புதிதாக ஒரு பையனைப் பார்த்தால் "யாரு வீட்டுப் பிள்ளை?" என்றுதான் முதலில் கேட்கிறோம். அன்பான கேள்விதான், அதோடு நின்றுவிடும்போது, அவன் யார் என்பதற்குச் சாதி பதில் சொல்லிவிடுகிறது. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே சாதிவெறியில் வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைந்த நீதியரசர் சந்துரு குழு, சாதியைக் காட்ட மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. தடை வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் 'நானும் உங்களில் ஒருத்தன்' என்ற ஏக்கத்தில் கயிறு கட்டியவனுக்கு, கயிற்றை அவிழ்த்தபின் வேறு எங்கே இடம்? அதை அவனிடமே கேட்க வேண்டும். எதிரே உட்காரவைத்து விசாரித்தால் வாய் திறக்கமாட்டான். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, ஆட்டை ஓட்டிக்கொண்டு கூட நடக்கும்போது கேட்டால் சொல்வான். சொல்லி முடிக்கும்வரை புத்திமதியை அடக்கிவைப்பதுதான் நமக்குக் கஷ்டம்.