திரும்பும் வழியைச் சோதித்தல்

நெட்வொர்க் கன்ட்ரோலர் மென்பொருளின் புதிய பதிப்பு முறையாக வெளியாவதற்கு முன்பே அதை எடுத்துச் சோதித்துப் பார்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். புதிதாக என்ன வந்திருக்கிறது, அது சொன்னபடி வேலை செய்கிறதா என்பதுதான் அவர்களில் பெரும்பாலோர் கேட்கும் கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சேலம், நாமக்கல் சமவெளியில் ஒரு கல்லூரியின், விடுதிப் பள்ளியின், மருத்துவமனையின் வலையமைப்பைக் கட்டிக் காப்பவர்களுக்கு அதைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பதிப்பு காலை வாரிவிட்டால், நேற்றிருந்த நிலைக்கு எவ்வளவு நேரத்தில், யார் கையால் திரும்ப முடியும்? முன்வெளியீட்டுச் சோதனையின் முதல் வேலை இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் என்பது என் உறுதியான எண்ணம். புதிய வசதிகளைச் சோதிப்பது அதற்குப் பிறகுதான்.

கன்ட்ரோலர் என்ன செய்கிறது என்று பார்த்தால் இதன் கனம் விளங்கும். திருச்செங்கோடு, ராசிபுரம், நாமக்கல் பக்கம் வகுப்பறையும் விடுதியும் உணவுக்கூடமும் ஒரே வளாகத்தில் அடங்கிய நிறுவனங்கள் ஏராளம். அப்படியொரு வளாகத்தில் கூரையிலும் தாழ்வாரத்திலும் பொருத்திய வைஃபை அக்சஸ் பாயிண்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அமைத்துக்கொண்டிருக்க முடியாது. யூனிஃபை, ஒமாடா போன்ற அமைப்புகளில் கன்ட்ரோலர் என்கிற ஒரே மென்பொருள்தான் எல்லாவற்றுக்கும் கட்டளை கொடுக்கிறது. எந்தச் சேனல், எந்தக் கடவுச்சொல், விடுதிக்கு எவ்வளவு வேகம், விருந்தினருக்கு எந்த நுழைவுப் பக்கம் என்று எல்லாமே அங்கேதான் தீர்மானமாகிறது. கன்ட்ரோலர் சற்று நேரம் நின்றுபோனாலும் அக்சஸ் பாயிண்டுகள் கடைசியாக வாங்கிய கட்டளைப்படி ஓடிக்கொண்டிருக்கும். அதனால் கன்ட்ரோலர் நின்றுபோவது பெரிய ஆபத்து அல்ல. அது தவறான கட்டளையை எல்லாக் கருவிக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவதுதான் ஆபத்து. நூறு இடத்தில் செய்ய வேண்டிய வேலையை ஒரே இடத்தில் முடித்துத் தரும் அதே வசதி, ஒரு பிழையையும் நூறு இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

அப்படி நேர்ந்தால் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். புதிய பதிப்பு நிறுவப்படும்போது மென்பொருள் மட்டும் மாறுவதில்லை. அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் தரவுத்தளமும் புதிய வடிவத்துக்கு மாற்றப்படுகிறது. யூனிஃபையில், புதிய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பில் ஏற்ற முடியாது. மேம்படுத்துவதற்கு முன்பு எடுத்த பேக்கப் கையில் இருந்தால்தான் மீட்சி. அதன்பின் செய்த மாற்றங்கள் எல்லாம் போனது போனதுதான். கருவிகளுக்குள் இருக்கும் ஃபர்ம்வேரும் இதற்குள் புதிதாகியிருந்தால், பழைய கன்ட்ரோலரோடு அது ஒத்துப்போகுமா என்பது அடுத்த கேள்வி. ஒத்துப்போகவில்லை என்றால் ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு அக்சஸ் பாயிண்டின் ரீசெட் துளையிலும் குண்டூசியை விட்டு அழுத்தி, முதலிலிருந்து சேர்க்க வேண்டியிருக்கும். ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ராடு மேல் ராடு பூட்டி எவ்வளவு ஆழம் இறக்கினாலும், இறக்கிய ராடையும் ஹேமரையும் மேலே எடுக்க முடிந்தால்தான் அது தொழில். மண் சரிந்து உள்ளே மாட்டிக்கொண்டால், கிடைத்த தண்ணீரைவிடப் போன ராடின் விலை அதிகமாகிவிடும்.

இதையெல்லாம் தயாரிப்பாளரே சோதித்துத் தரக் கூடாதா என்று கேட்கலாம். அவர்கள் சோதிக்கிறார்கள். ஆனால் அவர்களின் ஆய்வகத்தில் நம் ஊர் இல்லை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிற்கும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டருக்கு மாறும் இடைவெளியில் யுபிஎஸ் தாங்காத கட்டடங்களில் எல்லாக் கருவிகளும் அணைந்து, மறுபடி ஒன்றாக உயிர்பெற்று, ஒரே மூச்சில் கன்ட்ரோலரைத் தேடி வருகின்றன. மாலையில் மின்சாரம் திரும்பும்போது இதே கதை இன்னொரு முறை. புதிய பதிப்பு இந்த நெரிசலைத் தாங்குமா என்பது இங்கே வைத்துப் பார்த்தால்தான் தெரியும். விருந்தினர் வைஃபை இன்னொன்று. நம் நாட்டில் கைபேசிக்கு ஓடிபி அனுப்பி ஆளை உறுதிசெய்துதான் இணைப்புக் கொடுக்கிறார்கள். அந்தக் குறுஞ்செய்தியின் வாசகம், குறுஞ்செய்தி வடிவங்களைப் பதிவுசெய்யும் டிஎல்டி முறையில் முன்கூட்டிப் பதிவான வடிவத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வழியிலேயே தடுக்கப்படும். நுழைவுப் பக்கத்தின் நிரலில் வேறெங்கோ இருக்கும் ஒருவர் செய்யும் சின்னத் திருத்தம், நாமக்கல்லில் ஒரு மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் ஒருவருக்கும் ஓடிபி வராமல் செய்துவிடலாம். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவுப்படி கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும். புதிய பதிப்பில் பதிவின் வடிவம் மாறி, சேமிக்கும் சர்வர் அதைப் புரிந்துகொள்ளாமல் போனால், போலீஸ் விசாரணை என்று யாராவது வந்து நிற்கும் நாளில்தான் தெரியவரும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் எந்தெந்தச் சேனல்களைப் பயன்படுத்தலாம் என்பதும் நாட்டுக்கு நாடு வேறு. மென்பொருளில் இந்தியாவுக்கான பட்டியல் மாறினால் வளாகமே சேனல் மாறும். இவற்றில் எதையும் நமக்காக வேறொருவர் சோதிக்கப் போவதில்லை.

திரும்பும் வழியைச் சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய சாட்சி கனடாவில் இருக்கிறது. 2022 ஜூலை 8 அதிகாலை, ராஜர்ஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் தன் மைய வலையமைப்பில் ஏழு கட்டமாகத் திட்டமிட்ட மாற்றத்தில் ஆறாவது கட்டத்தைச் செய்துகொண்டிருந்தது. ஒரு வடிகட்டி நீக்கப்பட்டதால் மைய ரவுட்டர்கள் மீது அளவுக்கு மீறிய வழித்தடத் தகவல்கள் குவிந்து அவை செயலிழந்தன. 1.2 கோடிக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 26 மணி நேரம் தவித்தார்கள். பின்னால் நடந்த ஆய்வில் தெரியவந்த இரண்டு விஷயங்கள் எந்தச் சிறிய வலையமைப்புக்கும் பொருந்தும். ஒன்று, தொடக்கத்தில் இந்த மாற்றம் அதிக ஆபத்தானது என்று வகைப்படுத்தப்பட்டிருந்தது. முந்தைய கட்டங்கள் நன்றாக முடிந்ததால் ஆபத்துக் குறைவானது என்று மாற்றிவிட்டார்கள். இரண்டு, கருவிகளை நிர்வகிக்கப் பயன்பட்ட பாதையே அந்த மைய வலையமைப்பைத்தான் நம்பியிருந்தது. வலையமைப்பு விழுந்ததும் அதைத் தூக்கி நிறுத்தும் பாதையும் சேர்ந்து விழுந்தது. என்ன பிழை என்று கருவியின் பதிவுகளைப் பார்க்கவே சுமார் 14 மணி நேரம் ஆனது. ஐந்து முறை நன்றாகப் போய் வந்தது ஆறாவது முறைக்கு உத்தரவாதம் ஆகாது. போகும் பாதையை மட்டும் எண்ணிப் பார்ப்பவர்களுக்கு அது உத்தரவாதம்போலத் தெரியும் என்பதுதான் சிக்கல்.

2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பு ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அது கன்ட்ரோலர் மென்பொருள் அல்ல. ஆனால் ஒரே இடத்திலிருந்து எல்லாக் கருவிக்கும் ஒரே நேரத்தில் போன மாற்றம் என்ற வகையில் அதே குடும்பம். மென்பொருள் 20 உள்ளீடுகளைக் கொடுக்கும் இடத்தில் கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது. அந்தப் பொருத்தமின்மையைச் சோதனைகள் பிடிக்கவில்லை. நிறுவனம் 78 நிமிடங்களில் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றது. ஆனால் அதற்குள் நின்றுபோன கணினிகள் தாமாக எழவில்லை. ஒவ்வொன்றின் முன்பும் ஓர் ஆள் உட்கார்ந்து, சேஃப் மோடில் இயக்கி, கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இதில் நாம் குறித்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று நேரம். கோப்பு போன வேளை நியூயார்க்கில் நள்ளிரவு தாண்டியிருந்தது; நமக்கு வெள்ளிக்கிழமை காலை 9.39. அவர்களின் ஓய்வு நேரம் நம் ஊரில் அலுவலகமும் கல்லூரியும் மருத்துவமனையும் நிரம்பும் நேரம். தானாக மேம்படுத்திக்கொள்ளும்படி ஒரு கன்ட்ரோலரை விட்டுவைப்பவர், இந்த நேரக்கணக்கையும் சேர்த்துத்தான் விட்டுவைக்கிறார்.

இதற்கெல்லாம் மறுப்பு இல்லாமல் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை எதற்கு நோண்ட வேண்டும், அதிகாரப்பூர்வப் பதிப்பு வந்து, நாலு பேர் போட்டு, நல்லது கெட்டது தெரிந்த பிறகு நாமும் போடலாமே என்பது அனுபவசாலிகள் சொல்லும் மறுப்பு. சாதாரண வசதிகளைப் பொறுத்தவரை இது நியாயம். உண்மையான வலையமைப்பில் முன்வெளியீட்டுப் பதிப்பைப் போடவே கூடாது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் காத்திருக்க முடியாத நாட்களும் வருகின்றன. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற பொதுப் பயன்பாட்டு நிரல்தொகுப்பில் பெரும் ஓட்டை வெளிப்பட்டது. யூனிஃபை கன்ட்ரோலரும் அதைப் பயன்படுத்தியது. 6.5.54 என்ற திருத்தப் பதிப்பு விரைவாக வந்தது. லாக்4ஜேயின் முதல் திருத்தமே போதவில்லை என்று தெரிந்ததும் 6.5.55 வந்தது. அந்த வாரம் காத்திருந்தவர்கள் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்கள். முன்பே சோதனை மேசை ஒன்றைப் பழக்கத்தில் வைத்திருந்தவரால்தான் அப்படிப்பட்ட வாரத்தில் ஒரே மாலையில் சோதித்து, இரவில் போட்டு, காலையில் நிம்மதியாக இருக்க முடியும். அவசரத்துக்கு வேண்டிய பழக்கம் அவசரமில்லாத மாதங்களில்தான் உருவாகும்.

இப்போதெல்லாம் கன்ட்ரோலர் மேகத்தில் இருக்கிறது, எல்லாவற்றையும் நிறுவனமே பார்த்துக்கொள்ளும் என்பது இரண்டாவது மறுப்பு. பொறுப்பின் ஒரு பகுதி கை மாறுகிறது, உண்மைதான். ஆபத்து முழுவதும் மாறுவதில்லை. 2023 டிசம்பர் 13-இல் யூனிஃபையைத் தயாரிக்கும் யுபிக்விட்டி தன் மேக அமைப்பில் செய்த ஒரு மேம்படுத்தலில் அமைப்புப் பிழை நேர்ந்து, 1,216 கணக்குகள் சம்பந்தமே இல்லாத 1,177 கணக்குகளின் தொகுதியோடு தவறாகப் பிணைந்தன. சிலருக்கு அடுத்தவர் வீட்டுக் கேமராவின் அறிவிப்புகள் வந்தன. நிறுவனம் அதே நாளில் சரிசெய்து, விவரத்தையும் வெளியிட்டது. ஆனால் மேகத்தில் நடக்கும் மேம்படுத்தலைத் தள்ளிப்போடவும், பழையதற்குத் திரும்பவும் பயனர் கையில் எந்த விசையும் இல்லை. அங்கே நாம் சோதிக்கக்கூடியது ஒன்றுதான்: மேகத்தோடு தொடர்பு அறுந்தால் உள்ளூரில் எது தொடர்ந்து ஓடும், எது நிற்கும்? இணைய வயரைப் பிடுங்கிவிட்டு அரை நாள் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆளுக்கும் பணத்துக்கும் எங்கே போவது என்பது மூன்றாவது மறுப்பு. பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒதுக்கிவைத்த பழைய கணினி ஒன்று, வயர் வழியே மின்சாரமும் தரும் சிறிய பிஓஇ சுவிட்ச் ஒன்று, வளாகத்தில் பயன்படும் ஒவ்வொரு மாடலிலும் ஓர் அக்சஸ் பாயிண்ட். இவற்றை உண்மையான வலையமைப்பிலிருந்து முழுக்கப் பிரித்து வைத்து, உண்மையான பேக்கப்பின் நகலை ஏற்ற வேண்டும். காலி அமைப்பில் சோதிப்பதில் பயனில்லை. ஐந்தாறு வருடமாகச் சேர்ந்த பழைய அமைப்புகளில்தான் பிழைகள் ஒளிந்திருக்கும். பிறகு முன்வெளியீட்டுப் பதிப்பைப் போட்டு, மின்சாரத்தைப் பிடுங்கிச் செருகி, ஓடிபி வருகிறதா, பதிவுகள் சேர்கின்றனவா, சேனல்கள் மாறியிருக்கின்றனவா என்று ஒரு வாரம் பார்க்க வேண்டும். கடைசியாக, எல்லாம் நன்றாகவே இருந்தாலும், பழைய பதிப்புக்குத் திரும்பிக் காட்ட வேண்டும். எத்தனை நிமிடம் ஆயிற்று, எந்தப் படியில் கை தடுமாறியது என்பதை எழுதி வைக்க வேண்டும். நம் பகுதியில் ஒரே ஒப்பந்தக்காரர் பல பள்ளி, மருத்துவமனைகளின் வலையமைப்பைக் கவனிப்பது வழக்கம். அப்படி ஒருவர் வைத்திருக்கும் ஒரு மேசை அத்தனை இடங்களுக்கும் உதவும். பாலிடெக்னிக்குகளும் பொறியியல் கல்லூரிகளும் இதையே மாணவர் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம். பாடப்புத்தகம் சொல்லித் தராத பாடம் இது.

நாம் காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு நாமே சம்பளமில்லாத சோதனையாளராக வேண்டுமா என்பதுதான் எல்லாவற்றிலும் கனமான மறுப்பு. நியாயமான கோபம் இது. இதற்கு விடை சோதனையை விட்டுவிடுவதில் இல்லை. சோதனையில் தெரிந்ததை வாங்கும் நிபந்தனையாக்குவதில் இருக்கிறது. அடுத்த முறை டெண்டர் எழுதும்போது வேகத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் எழுதாமல், முந்தைய பதிப்புக்குத் திரும்பும் வழி ஆவணமாக வேண்டும், தானியங்கி மேம்படுத்தலை நிறுத்தும் வசதி வேண்டும், வலையமைப்பு விழுந்தாலும் கன்ட்ரோலரை அடைய வேறொரு பாதை வேண்டும் என்று எழுத வேண்டும். நிறுவும்போதே ஒருமுறை திரும்பிக் காட்டினால்தான் கடைசித் தவணை என்றும் சேர்க்க வேண்டும். திரும்பத் தெரிந்தவர் எதையும் தொடப் பயப்படமாட்டார். பாதுகாப்புத் திருத்தம் வந்த அன்றே துணிந்து போடுவார். திரும்பத் தெரியாதவர்தான் மூன்று வருடப் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு, அதில் இருக்கும் ஓட்டைகளோடு காலம் தள்ளுவார். நம் வளாகங்கள் நவீனமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் முதலில் செலவழிக்க வேண்டியது அந்தச் சோதனை மேசைக்குத்தான்.