டெபியனுக்குப் பக்கத்தில் இன்னொரு டெபியன்

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் வீட்டுக் கணினிகள் நிறைய உண்டு. என் கணினியை இயக்கினால் வரும் பட்டியலில் இரண்டு வரிகள்தான், இரண்டுமே டெபியன். பார்க்கிறவர்கள் ஏதோ கோளாறு என்று நினைக்கிறார்கள். "ஒண்ணைக் காப்பாத்தறதே பெரும்பாடு, அதையே ரெண்டா எதுக்கு சார்?" என்று கேட்டார் கணினி பழுதுபார்க்கும் நண்பர். ஒன்றைக் காப்பாற்றுவது பெரும்பாடு என்பதால்தான் இரண்டு.

நம் ஊரில் கணினி படுத்துக்கொள்ளப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், யூபிஎஸ் பேட்டரியும் கைவிட்டால் போதும். மறுபடி போட்டால் கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் சிமிட்டும். இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் லைவ் யூஎஸ்பி. வேலை நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதில் நம் வைஃபை கடவுச்சொல் இருக்காது, பழகிய தமிழ்99 விசைப்பலகை இருக்காது, பிரிண்டர் இருக்காது, போன முறை இதே கோளாறை எப்படிச் சரிசெய்தோம் என்று எழுதிவைத்த குறிப்பும் கைக்கெட்டாது. அன்றைக்குப் பார்த்துத்தான் அவசர வேலை ஒன்று காத்துக்கொண்டிருக்கும். இரண்டாவது டெபியன் இருந்தால் அதில் நுழைந்து வேலையை முடித்துவிடலாம். பழுதை ராத்திரி சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்படிச் சாவகாசமாகப் பழுது பார்ப்பதில் தனி ருசி உண்டு. நல்ல பிரதியில் உட்கார்ந்துகொண்டு, கெட்டுப்போனதன் ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்கிறேன். டெவ், ப்ராக், சிஸ் ஆகிய மூன்று அடைவுகளையும் அதன்மேல் பைண்ட் செய்துவிட்டு, சிரூட் என்று ஒரு கட்டளை. அவ்வளவுதான், எழுந்திருக்க மறுத்த இயங்குதளத்துக்குள் டெர்மினல் வழியாகப் போயாயிற்று. பாதியில் நின்ற பொதிகளையெல்லாம் கான்ஃபிகர் செய்யும்படி டிபிகேஜியிடம் சொன்னால், விட்ட இடத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முடித்துக்கொண்டே வரும். எந்தப் பொதியில் கரண்ட் போனது என்பது அந்த வரிகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பக்கத்து ஜன்னலில் பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரே இயங்குதளத்தை இரட்டையாக வைப்பது என் கண்டுபிடிப்பு அல்ல. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0 முதல் பல கைபேசிகளில் இயங்குதளப் பகுதி ஏ, பி என இரட்டையாக இருக்கிறது. ஒன்றில் நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் அப்டேட் ஏறுகிறது. புதியது எழவில்லை என்றால் கைபேசி பழையதற்குத் திரும்பிவிடும். குரோம்புக்கிலும் இதே ஏற்பாடுதான். வீட்டுக் கணினியில் மட்டும் இதை நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும்.

கட்டும்போது முதல் கேள்வி, எதைப் பிரிப்பது, எதைப் பொதுவில் வைப்பது? அண்ணன் தம்பி பாகம் பிரித்தாலும் கிணறு பொதுவில் இருக்குமே, அப்படி நம் ஆவணங்களும் படங்களும் மட்டும் பொது. மற்ற எல்லாம் தனித்தனி. ஒவ்வொரு டெபியனுக்கும் 40 ஜிபி தாராளம். 512 ஜிபி எஸ்எஸ்டியில் இரண்டுக்கும் சேர்த்து 80 ஜிபி போனாலும், மிச்சமெல்லாம் பொதுவான டேட்டா பார்ட்டிஷன்தான். பழைய எம்பிஆர் முறையில் பிரைமரி பார்ட்டிஷன் நான்குக்கு மேல் முடியாது. ஜிபிடியில் வழக்கமாக 128 வரை போகலாம் என்பதால் அந்தக் கவலை இல்லை. இரண்டு பிரதிகளுக்கும் நான் அண்ணன், தம்பி என்றே ஹோஸ்ட்நேம் வைத்திருக்கிறேன். தினசரி வேலை தம்பியில். அண்ணன் பெரும்பாலும் சும்மா இருப்பார்.

ஹோம் அடைவையே பொதுவில் வைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்புகளில்தான் ஒவ்வொரு மென்பொருளும் தன் அமைப்புகளை எழுதுகிறது. தம்பியில் புதிய ஃபயர்ஃபாக்ஸ் தொட்ட ப்ரொஃபைலை அண்ணனின் பழைய ஃபயர்ஃபாக்ஸ் திறக்காது. 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்தே இந்தத் தடை உண்டு. டெஸ்க்டாப் அமைப்புகளும் அப்படித்தான் கலங்கும். ஆகவே ஹோம் தனித்தனி, அதற்குள் ஆவணம், படம், பாட்டு அடைவுகள் மட்டும் டேட்டா பார்ட்டிஷனைச் சுட்டும் இணைப்புகள். இரண்டிலும் பயனர் எண் ஒன்றாகவே, வழக்கமான 1000ஆகவே இருக்கட்டும். எண் மாறினால் சொந்தக் கோப்பைத் திறக்கவே அனுமதி கிடைக்காது. ஸ்வாப்பைப் பகிரலாம், ஆனால் ஹைபர்நேட் செய்யும் பழக்கம் இருந்தால் கூடாது. ஒன்று தூங்கப்போகும்போது நினைவகத்தை அங்கேதான் இறக்கிவைக்கும், மற்றது வந்து அதன்மேலேயே எழுதிவிடும்.

இனி ஈஎஃப்ஐ பார்ட்டிஷன். ஒரே இயங்குதளத்தை இரண்டு முறை நிறுவுகிறவரை மடக்கும் இடம் இதுதான், விண்டோஸையும் லினக்ஸையும் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் ஒவ்வொரு இயங்குதளமும் தன் பெயரில் ஒரு அடைவு வைத்துக்கொள்கிறது. விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட், உபுண்டுவுக்கு உபுண்டு, டெபியனுக்கு டெபியன். இரண்டாவது டெபியனும் வந்து அதே டெபியன் அடைவில்தான் குடியேறும். உள்ளே மூன்றே வரியில் பூட்லோடரான க்ரப்பின் சின்னக் கோப்பு ஒன்று: இந்த யூயூஐடி உள்ள பார்ட்டிஷனைத் தேடு, அங்கே உள்ள பட்டியலைத் திற என்பதுதான் சாரம். பிந்தி எழுதியவர் எழுத்தே நிற்கும். முதல் டெபியன் வட்டில் பத்திரமாகவே இருக்கும், ஆனால் பட்டியலில் காணாமல் போயிருக்கலாம். பக்கத்து இயங்குதளங்களைத் தேடிப் பட்டியலிடும் ஓஎஸ்-ப்ரோபரை 2021இல் வந்த க்ரப் 2.06 பாதுகாப்பு கருதி முடக்கியே வைத்திருப்பது அதற்குக் காரணம்.

க்ரப்பின் அமைப்புக் கோப்பில் டிஸ்ட்ரிபியூட்டர் என்ற வரியை மாற்றி இரண்டாவதற்கு வேறு அடைவுப் பெயர் கொடுக்கலாம். செக்யூர் பூட்டை அணைத்து, கையொப்பமிடாத க்ரப்பை நிறுவியிருந்தால் அது நன்றாகவே நடக்கும். செக்யூர் பூட் இயங்கினால், கையொப்பமிட்ட க்ரப்புக்குள் டெபியன் என்ற பாதை ஏற்கெனவே பதிந்திருப்பதால், எந்தப் பெயரில் வைத்தாலும் பழைய அடைவைத்தான் போய்ப் பார்க்கும். நான் அந்த வம்புக்கே போவதில்லை. பூட்லோடர் ஒருவர் பொறுப்பில் மட்டும் இருக்கட்டும் என்பது என் கட்சி, அந்த ஒருவர் அதிகம் கைபடாத அண்ணன்தான். தினமும் புழங்கும் பிரதியிடம் கொடுத்தால், அது கெடும் நாளில் பட்டியலும் சேர்ந்தே போய்விடும், பக்கத்தில் நல்ல டெபியன் இருந்தும் உள்ளே போக வழி இருக்காது. பலர் செய்துவைத்திருப்பது நேர்மாறாக.

அண்ணனின் க்ரப் அமைப்பில், தனிப்பயன் பதிவுகளுக்கான 40ஆம் எண் கோப்பில், தம்பிக்கு ஒரு பதிவை நானே எழுதுகிறேன். அதில் கெர்னலின் பதிப்பு எண்ணைக் குறிப்பிடுவதில்லை. டெபியன் தன் ரூட் அடைவில் விஎம்லினஸ், இனிட்ஆர்டி என இரண்டு இணைப்புகளை வைத்து, அவை எப்போதும் புதிய கெர்னலைச் சுட்டும்படி பார்த்துக்கொள்கிறது. அவற்றையே கொடுத்துவிட்டால் தம்பியில் கெர்னல் எத்தனை முறை மாறினாலும் பட்டியலைத் திருத்த வேண்டியதில்லை. தம்பியில் க்ரப் பொதிகளை மட்டும் ஹோல்டில் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு அப்டேட்டில் அது எழுந்து அடைவைத் தன் பெயருக்கு மாற்றி எழுதிக்கொள்ளும்.

இரண்டாவதை நிறுவுவதா, முதலாவதை அப்படியே நகலெடுப்பதா? டிடி கட்டளையால் பார்ட்டிஷனை அச்சாக எடுப்பது சுலபமாகத் தெரியும். யூயூஐடியும் சேர்ந்தே நகலாகிவிடுவதுதான் வினை. எக்ஸ்டி4 என்றால் எதை மவுன்ட் செய்வது என்பது குழப்பம், டியூன்2எஃப்எஸ் கொண்டு எண்ணை மாற்றிவிடலாம். எக்ஸ்எஃப்எஸ் இரண்டாவதை மவுன்ட் செய்ய மறுக்கும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் தரவே பாழாகலாம். ஆர்சிங்க் பரவாயில்லை, ஆனால் எஃப்எஸ்டேப்பையும் மெஷின்-ஐடியையும் பிறகு திருத்தவேண்டும். என் ஓட்டு புதிய நிறுவலுக்கே. நாமாகக் கேட்டு நிறுவிய பொதிகளின் பட்டியலை ஏப்டி-மார்க் கொடுத்துவிடும், அதை வைத்து ஒரு மாலையில் எல்லாம் ஏறிவிடும். பல வருஷக் குப்பை மட்டும் கூடவே வராது.

இரண்டும் ஒன்று போலிருப்பதால், எதில் இருக்கிறோம் என்று ஒரு பார்வையில் தெரியவேண்டும். அண்ணனில் டெர்மினல் ப்ராம்ப்ட் சிவப்பு, தம்பியில் பச்சை. சுவர்ப்படமும் வேறு. சில்லறை விஷயம்தான், ஆனால் பார்ட்டிஷன்களில் கைவைக்கும் கட்டளையை அடிக்கும் முன் கண் அந்த நிறத்தைத்தான் பார்க்கிறது. ஒன்றின் ரூட்டை மற்றது தானாக மவுன்ட் செய்யவும் நான் விடுவதில்லை.

அப்டேட்டை இரண்டிலும் ஒரே நாளில் போட்டால் இவ்வளவு ஏற்பாடும் வீண். 2023 டிசம்பரில் டெபியன் 12.3 வெளியாகவிருந்த நேரத்தில், 6.1.64 கெர்னலில் எக்ஸ்டி4 தரவைச் சிதைக்கும் பிழை தெரியவந்தது. வெளியீட்டை நிறுத்தி, டிசம்பர் 10 அன்று 12.4ஆகத் தந்தார்கள். அந்த மாதிரி நாளில் அப்டேட் ஏறாத ஒரு பிரதி கையில் இருப்பது எவ்வளவு நிம்மதி. தம்பியில் போட்டு ஒரு வாரம் பார்த்த பிறகே அண்ணனுக்கு என்பது என் வழக்கம். பெரிய தாவலுக்கும் இதே முறைதான். 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தபோது தம்பி மட்டும் மாறியது, பிரிண்டரும் ஸ்கேனரும் தமிழ் எழுத்துருக்களும் சரியாக வருகிறதா என்று பார்த்துமுடிக்கும்வரை அண்ணன் 12இலேயே இருந்தார்.

அந்த டிசம்பர் பிழை இன்னொன்றையும் காட்டுகிறது. கெர்னல் தரவைச் சிதைத்தால் பொதுவான டேட்டா பார்ட்டிஷனும் தப்பாது. எஸ்எஸ்டி செத்தால் அண்ணன், தம்பி, கிணறு மூன்றும் ஒன்றாகப் போகும். இரட்டை நிறுவல் பேக்கப் ஆகாது. வெளி வன்தட்டில் தனியாக ஒரு பிரதி கட்டாயம் வேண்டும், அதில் பேச்சே இல்லை.

இதெல்லாம் இன்றைக்கே செய்யவேண்டும் என்றில்லை. அடுத்த முறை ஏதாவது காரணத்துக்காக லினக்ஸை நிறுவும்போது, வட்டு முழுவதையும் அதற்குக் கொடுத்துவிடாமல் ஒரு 40 ஜிபியைப் பிரிக்காமல் ஒதுக்கிவையுங்கள். நிரம்பிய டேட்டா பார்ட்டிஷனைப் பிறகு சுருக்குவது நேரமும் பிடிக்கும், பேக்கப் எடுக்காமல் செய்யவும் கூடாது.