கரண்ட் வருதா பாரு

அந்த மெக்கானிக்குக்கு ஷெட் கிடையாது. டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்பக்கம் ஒரு தகரப் பெட்டி, பின்சீட்டில் ஐடிஐ முடித்த ஒரு பையன். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் யார் வீட்டில் கார் படுத்துக்கொண்டாலும் இவர்கள்தான் போய் நிற்கிறார்கள். வாசலில் பிரித்து, வாசலிலேயே பூட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். மெக்கானிக், சின்ன வயதில் திருவண்ணாமலை டவுன் ஷெட் ஒன்றில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்தவர். சர்டிபிகேட் எதுவும் இல்லை. பையனிடம் இருக்கிறது, இரண்டு வருடம் படித்து வாங்கியது.

கார் வேலையில் பங்கு பிரிப்பு கறாரானது. இன்ஜினைத் தொடுகிறவர் மெக்கானிக், வயரைத் தொடுகிறவர் எலக்ட்ரீசியன், தகடு தட்டுகிறவர் டிங்கர், லேத்தில் நிற்கிறவர் டர்னர். இக்னிஷன் மட்டும் யார் பட்டாவிலும் ஏறாத புறம்போக்கு. வண்டி இழுக்கவில்லை என்றால் கரண்ட் கோளாறு என்று மெக்கானிக் கை காட்டுவார், கார்புரேட்டர் கோளாறு என்று எலக்ட்ரீசியன் திருப்பிக் காட்டுவார். வீடு தேடிப் போகிறவருக்கு அப்படிக் கை காட்ட ஆள் கிடையாது.

ஐப்பசி மழை விட்டிருந்த காலையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கு நானும் அவர்களோடு போனேன். ஆதி அண்ணாமலையார் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. வேப்பமரத்தடியில் வெள்ளை அம்பாசடர், அதுவும் பெட்ரோல் வண்டி. அம்பாசடர் என்றால் டீசல் டாக்ஸிதான் என்று நினைத்து வளர்ந்தவர்கள் ஒருமுறை பானட்டைத் திறந்து பார்க்கலாம். 1489 சிசி, நாலு சிலிண்டர், இங்கிலாந்தின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வடிவமைத்த இன்ஜின். இந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்து உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தியை 2014 மே மாதம் நிறுத்தியது. நிறுத்தினாலும் ஓட்டுகிறவர்கள் விடுவதாக இல்லை.

“காலையில ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குதுப்பா. ஸ்டார்ட் ஆனாலும் மேட்டுல மிஸ் அடிக்குது. போன மாசம்தான் பாயிண்ட் மாத்துனேன். அதுக்கு முன்னாடி நாலு பிளக்கும் புதுசு.”

“மாத்துனதெல்லாம் இருக்கட்டும் சார். எது மாத்தல?”

ஆசிரியருக்குத் தெரியவில்லை. பாயிண்ட்டை மாற்றிய கடைக்காரரும் சொல்லவில்லை.

இக்னிஷன் சாமான்கள் ஒவ்வொன்றும் சின்னது, இன்ஜின் வேலையோடு ஒப்பிட்டால் விலையும் குறைவு. அதனால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதே வைத்தியம் என்று ஆகிவிட்டது. பின்னால் அலமாரி நிறைய சாமான் வைத்திருக்கும் ஷெட்டுக்கு அது கட்டுப்படியாகும். எக்ஸ்எல் பெட்டியில் பிடிப்பது கொஞ்சம்தான். வாசலில் நின்றபடியே எது கெட்டது என்று கண்டுபிடித்த பிறகுதான் அவர் கடைக்குப் போன் போட முடியும். வசதி இல்லாததால் வந்த திறமை என்றுதான் எனக்குப் படுகிறது. அவரிடம் சொன்னால் சிரிக்கிறார்.

மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் இரண்டு கிளிப்பையும் விரலால் தள்ளி, வயர் ஒன்றைக்கூடக் கழற்றாமல் கேப்பை அப்படியே ஓரமாகச் சாய்த்து வைத்தார். வயர்களைப் பிடுங்கிவிட்டால் 1-3-4-2 என்ற வரிசையில் திரும்பச் சொருக வேண்டும். ஒன்று மாறினாலும் கார்புரேட்டர் வழியாக வெடிக்கும். ரோட்டாரை உருவினார். உள்ளே பாயிண்ட். போன மாதம் போட்டது என்று சொல்ல முடியாதபடி கருத்திருந்தது. ஒரு முனையில் குழி, எதிர் முனையில் அந்தக் குழிக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு மொட்டு.

1910-ஐ ஒட்டி அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய ஏற்பாடு இது. பேட்டரியின் 12 வோல்ட், காயிலுக்குள் போய் பாயிண்ட் வழியாக பாடிக்கு இறங்குகிறது. பாயிண்ட் பிரிந்த கணத்தில் காயிலின் காந்தப்புலம் சரிந்து, பல ஆயிரம் வோல்ட் கிளம்பி, ரோட்டார் கைகாட்டுகிற வயரில் ஓடி பிளக்கில் பொறியாகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒரு நொடிக்கு 100 தடவை இது நடக்க வேண்டும். பாயிண்ட் பிரியும்போது அங்கேயே பொறி பாய்ந்து வீணாகாமல் காப்பதற்கு, சுண்டுவிரல் கணு அளவில் கூடவே ஒரு கண்டன்சர்.

“சாவியைப் போடு. கரண்ட் வருதா பாரு.”

பையன் காயிலிலிருந்து வரும் நடு வயரைக் கேப்பிலிருந்து உருவி, ரப்பர் கைப்பிடி போட்ட பிளேயரால் பிடித்து, இன்ஜின் இரும்புக்கு ஒரு நெல் இடைவெளியில் நிறுத்தினான். மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் பாயிண்ட்டைத் தட்டித் தட்டித் திறந்தார். வயர் நுனியில் மஞ்சளாக, மெலிசாக ஒரு பொறி வந்தது. ஆனால் பாயிண்ட்டிலேயே நீலமாக, அதைவிடப் பெரிதாகப் பாய்ந்தது. வர வேண்டிய இடத்தில் வராமல் வரக்கூடாத இடத்தில் வருகிறது. கண்டன்சர் போய்விட்டது. எத்தனை புதுப் பாயிண்ட் போட்டாலும் அது தின்றுகொண்டேதான் இருந்திருக்கும்.

பெட்டியில் கண்டன்சர் இருந்தது, பாயிண்ட்டும் இருந்தது. சென்னை பாடியில் இருக்கும் லூகாஸ் டிவிஎஸ் கம்பெனிப் பெயர் போட்ட அட்டைப்பெட்டி. “பெட்டி ஒரிஜினலா இருந்தா போதாது, உள்ள இருக்கறதும் இருக்கணும்” என்று சொல்லிவிட்டு, பாயிண்ட்டை நகத்தால் தூக்கி ஸ்பிரிங்கின் விறைப்பைப் பார்த்த பிறகே மாட்டினார்.

பாயிண்ட்டுக்கு இடைவெளி வைப்பது அடுத்தது. வண்டியை டாப் கியரில் போட்டு, நானும் பையனுமாக அங்குலம் அங்குலமாகத் தள்ளினோம். பாயிண்ட்டின் குதிகால், அதைத் தூக்கித் திறக்கும் கேமின் உச்சியில் ஏறியதும் மெக்கானிக் கையைத் தூக்கினார். அங்கே பாயிண்ட் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் திறந்திருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் தகடு பிடிக்காமலும் ஆடாமலும் லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். அந்த உரசலைச் சொல்லித் தர முடியாது என்றார். பையனின் விரலைப் பிடித்து அவன் கையிலேயே தகட்டைக் கொடுத்து இழுக்கவைத்தார். ஷெட்டில் அவர் பழகிய காலத்தில் கேஜை முதலாளி தன் சட்டைப் பையில் வைத்திருப்பாராம். வேலை பழகுகிற பையன்களுக்கு நாலு ஷேவிங் பிளேடுதான். ஒரு பிளேடின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர் என்பதால் கணக்கு பிசகுவதில்லை.

இந்த வேலையே வேண்டாத கார்கள்தான் இப்போது ஊரில் அதிகம். அன்றைக்கே அடுத்த தெருவில் ஒரு புதிய பெட்ரோல் கார், இன்ஜின் லைட் எரிகிறது என்று. அதில் பாயிண்ட், ரோட்டார், கேப் ஒன்றுமே கிடையாது. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு குட்டிக் காயில். அது பையனின் ராஜ்யம். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் சொருகி, இரண்டாவது சிலிண்டரில் மிஸ் ஃபயர் என்று படித்தான். புதுக் காயிலுக்கு அவன் போன் போடவில்லை. இரண்டாவது காயிலை மூன்றாவதிலும் மூன்றாவதை இரண்டாவதிலும் மாற்றிப் போட்டு ஓடவிட்டான். கோளாறு மூன்றுக்கு நகர்ந்தது. அப்படியென்றால் கெட்டது காயில்தான், பிளக்கோ இன்ஜெக்டரோ இல்லை. இதை ஐடிஐயில் கற்றானா, அம்பாசடர் முன்னால் நின்று கற்றானா என்று கேட்டேன். ஸ்கேனரை மட்டும் காட்டிவிட்டுச் சிரித்தான். ஏதாவது ஷோரூமில் சேரும் எண்ணமும் அவனுக்கு இருக்கிறது. மெக்கானிக்குக்கும் அது தெரியும்.

அம்பாசடருக்குத் திரும்புவோம். நாலு பிளக்கும் இளம் பழுப்பு நிறம். பெட்ரோலும் காற்றும் சரியாகச் சேர்ந்து எரிகிறது என்று அர்த்தம், அதனால் கார்புரேட்டரில் கை வைக்கவில்லை. மூன்றாவது பிளக் வயரில் எலிப் பல். பெட்டியில் இருந்த சுருளில் அளந்து வெட்டி அதை மட்டும் மாற்றினார். இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஆசிரியர் முகத்தில் நிம்மதி.

மெக்கானிக்குக்கு இல்லை. பாயிண்ட் கெட்டதற்கும் மேட்டில் திணறியதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. காலையில் மட்டும் ஏன் முரண்டு பிடிக்க வேண்டும்? கேப்பைக் கழற்றி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் ஒன்றாவது பித்தளைக்கும் மூன்றாவது பித்தளைக்கும் நடுவில் கறுப்பாக மயிரிழைக் கோடு. இரவு ஈரம் அதில் இறங்கினால் கரண்ட் அந்தக் கோட்டிலேயே குறுக்கே ஓடிவிடும்; வெயில் ஏறிக் காய்ந்தால் வண்டி ஒழுங்காக இருக்கும்.

கேப் பெட்டியில் இல்லை. சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைக்குப் போன் போட்டார். இருக்கிறது, பஸ் பார்சலில் மறுநாள் காலை வரும் என்றார்கள். அதுவரை தாங்கட்டும் என்று, கோட்டைக் கத்தி முனையால் சுரண்டி, ஆசிரியரின் மகளிடம் நெயில் பாலிஷ் வாங்கிப் பூசிக் காயவைத்தார். ஆசிரியர் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது நாளை மறுநாள் விடியற்காலை.

“நாளைக்குப் பௌர்ணமி ஆச்சே. ரோட்டுல வண்டி விட மாட்டானுங்களே, எப்படிக் கொண்டாருவ?” என்றார் ஆசிரியர்.

“நான் எப்படியும் கிரிவலம் வருவேன் சார், பஸ் ஸ்டாண்டுல வாங்கிட்டு நடந்தே வந்துடறேன்” என்றான் பையன். “மாட்டறதுக்கு அண்ணன் வேணாம். நாலு வயர்தானே.”

“ஒவ்வொண்ணா மாத்துடா” என்றார் மெக்கானிக், எக்ஸ்எல்லை உதைத்தபடி.